நாலு பேரா, மூணு பேரா?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை, இரவு 10:15

கயல்: (படம்)

கயல்: இன்று லீவு. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் மியூசியத்துக்கு வந்திருக்கிறேன். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் வரைந்த நைட்ஹாக்ஸ் இதுதான். தனிமைக்குப் பேர்போன படம். ஆனால் முன்னால் ஒரே கூட்டம், ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் செல்ஃபி எடுக்க வந்துவிடுகிறார்.

சித்ரா சித்தி: சாப்பிட்டாயா கயலு? யாரோடு போனாய்?

கயல்: தனியாகத்தான் சித்தி. காலையில் தோசை சாப்பிட்டேன்.

சித்ரா சித்தி: தனியாகவா? ஒரு ஃபிரெண்டு கூடவா கிடைக்கவில்லை?

மீனா அத்தை: தனியாகப் போனால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். கூட ஆள் வந்தால் எப்போது கிளம்பலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சித்ரா சித்தி: சரி மதினி. இது ஓட்டல் படமா? இவ்வளவு பெரிய கடையில் மூன்றே கஸ்டமர். ஈ ஓட்டுகிறார்கள்.

அரவிந்த்: அம்மா, அது நியூயார்க் ராத்திரி. 1942 ஜனவரி 21 அன்று வரைந்து முடித்த படம். கிரீனிச் அவென்யூவில் இரண்டு தெரு சந்திக்கும் இடத்தில் பார்த்த ஒரு ஓட்டல்தான் மனதில் இருந்தது, அதை எளிமையாக்கிப் பெரிதாக வரைந்தேன் என்று ஹாப்பரே சொல்லியிருக்கிறார். அக்கா, நேரில் எவ்வளவு பெரிது?

கயல்: அகலம் ஒன்றரை மீட்டர். 84-க்கு 152 செ.மீ. என்று போட்டிருக்கிறது. போனில் பார்த்தால் இருட்டுதான் தெரிகிறது. நேரில் அந்த ஜன்னலுக்குக் கீழே ஓடும் பச்சை ஓடுகளும், நடைபாதையில் விழும் வெளிச்சமும்தான் முதலில் கண்ணை இழுக்கின்றன.

அரவிந்த்: அது டியூப் லைட் வெளிச்சம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் டியூப் லைட் கடைகளுக்கு வந்தே சில வருடம்தான் ஆகியிருந்தது. அதைவிட ஒன்று சொல்கிறேன். ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 7. அதற்கு அப்புறம் நியூயார்க்கில் விளக்கணைப்பு ஒத்திகை எல்லாம் நடந்தது. ஹாப்பர் வீட்டு ஸ்டூடியோவுக்கு மேலே கண்ணாடிக் கூரை. குண்டு விழுந்தால் என்ன ஆவது என்று மனைவி ஜோவுக்குப் பயம். அவர் பாட்டுக்கு இதை வரைந்துகொண்டிருந்தார்.

சித்ரா சித்தி: ஊரே விளக்கை அணைக்கும்போது இந்தக் கடையில் மட்டும் இத்தனை வெளிச்சமா? தைரியம்தான்.

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே நிற்கிற வெள்ளைத் தொப்பிப் பையனைப் பாருங்கள். குனிந்து ஏதோ வேலை செய்கிறான், ஆனால் தலை மட்டும் நிமிர்ந்திருக்கிறது. கை வேலையில், காது கஸ்டமரிடம். பேச்சு நடக்கிற கடை இது. இதில் தனிமை எங்கே வந்தது?

கயல்: பெரியப்பா, நேரில் பார்த்தால் அவன் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தொப்பிக்காரரைத் தாண்டி வெளியே எங்கோ பார்ப்பது போலவும் இருக்கிறது. கிட்டே போனால் ஒரு மாதிரி, தள்ளி நின்றால் ஒரு மாதிரி.

அரவிந்த்: யாரும் யாரையும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம். தெருவிலிருந்து உள்ளே போகக் கதவும் வரையப்படவில்லை. கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே இருக்கும் கடையிலும் ஆள் இல்லை, ஒரு கல்லா மெஷின் மட்டும்.

பெரியப்பா: டேய், கதவு இல்லாமலா மூன்று பேர் உள்ளே வந்தார்கள்? படம் முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். வலது ஓரத்தில் மஞ்சளாக ஒரு கதவு இருக்கிறது பார், அது சமையல்கட்டுக்கு. பக்கத்தில் இரண்டு பெரிய காபி பாய்லர். இரண்டும் ராத்திரியில் சூடாக இருக்கிறதென்றால் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கயல்: அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கவுண்டரின் இடது பக்கத்தில் ஒரு கிளாஸ் மட்டும் தனியாக இருக்கிறது, முன்னால் யாரும் இல்லை. யாரோ குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

பெரியப்பா: பார்த்தாயா. கிளாஸை இன்னும் எடுக்கவில்லை. பையன் கொஞ்சம் மெத்தனம்.

மீனா அத்தை: எனக்கு அந்த முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். எல்லோரும் அவரைத்தான் பாவம் என்பார்கள். முப்பது வருடம் நைட் டியூட்டி பார்த்தவள் சொல்கிறேன், டியூட்டி முடிந்து வரும்போது யாரும் சிஸ்டர் என்று கூப்பிடாத ஒரு பத்து நிமிடம் கிடைக்காதா என்றிருக்கும். காபியை வீட்டிலும் போட்டுக் குடிக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் நம்மோடு பேச வேண்டும் என்றில்லை, இன்னும் நாலு பேர் விழித்திருந்தால் போதும். இவர் அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

கயல்: அத்தை, இதை இங்கே நிற்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாமா என்று இருக்கிறது.

அரவிந்த்: ஆனால் ஹாப்பரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார் அத்தை. ஒரு பெரிய நகரத்தின் தனிமையை, தன்னை அறியாமலே வரைந்திருக்கலாம் என்றார்.

மீனா அத்தை: அதே பேட்டியில் வேறு எதுவும் சொல்லவில்லையா?

அரவிந்த்: சொன்னார். இந்த இடத்தைக் குறிப்பாகத் தனிமையானதாக நினைக்கவில்லை என்றும் சொன்னார்.

மீனா அத்தை: அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

சித்ரா சித்தி: அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் யார்? கூட இருப்பவர் கணவரா? விரல் தொடுகிற மாதிரி இருக்கிறதே. கயலு, கிட்டே போய்ப் பார்.

கயல்: பார்த்துவிட்டேன் சித்தி. தொடுகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்.

அரவிந்த்: அந்தப் பெண்ணுக்கு மாடல் ஜோ. இரண்டு ஆண்களுக்கும் ஹாப்பர் கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்தார். கல்யாணம் ஆனது 1924-இல். அதற்கு அப்புறம் அவர் படங்களில் வரும் பெண்கள் பெரும்பாலும் ஜோதான். ஜோவும் ஓவியர். இந்தப் படத்தின்போது ஜோவுக்கு 58 வயது.

சித்ரா சித்தி: 58-ஆ! படத்தில் முப்பதுதான் சொல்லலாம். அப்படியானால் அது புருஷனும் பெண்டாட்டியும்தான். பக்கத்தில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளவில்லை. இதைப் பார்க்க நியூயார்க் வரை போக வேண்டுமா? உங்கள் சித்தப்பா என் பக்கத்து சோபாவில்தான் இருக்கிறார். இந்தக் குழுவில் ஏதாவது எழுதினால்தான் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும்.

சித்தப்பா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அரவிந்த்: படம் முடிந்த மறுநாள் ஜோ தன் நாத்தனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். படத்தின் பெயரே அதில்தான் வருகிறது, நைட் ஹாக்ஸ், அதாவது ராத்திரிப் பருந்துகள் என்று வைத்தால் நன்றாக இருக்கும் என்று. வேடிக்கை என்னவென்றால், ராத்திரி ஓட்டல் கவுண்டர், மூன்று உருவங்கள் என்று எழுதியிருக்கிறார்.

கயல்: மூன்றா? நாலு பேர் இருக்கிறார்களே?

பெரியப்பா: யாரை விட்டிருப்பார் என்று நான் சொல்லட்டுமா? பரிமாறுகிறவனை.

பெரியப்பா: மாட்டுத்தாவணியில் ராத்திரி மெஸ் நடத்தினேனே, அப்போது ஒருநாள். மணி இரண்டு இருக்கும். ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டே போனில் பேசுகிறார். "கடையில் யாருமே இல்லை, நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று. அவர் இட்லிக்கு சாம்பார் ஊற்றிக்கொண்டு நான் நிற்கிறேன். "போதும்" என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, "ஆமாம், யாருமே இல்லை" என்கிறார் போனில்.

சித்ரா சித்தி: ஐயோ.

பெரியப்பா: தப்பாகச் சொல்லவில்லை அம்மா. நல்ல மனிதர்தான், தினம் வருகிறவர். என்னிடம் பேசிவிட்டுத்தான் போவார். ஆனால் கணக்கு எடுக்கும்போது நான் வரமாட்டேன்.

அரவிந்த்: பெரியப்பா, ஜோவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஹாப்பர் படங்களுக்கெல்லாம் அவர்தான் கணக்கு நோட்டு எழுதினார். இந்தப் படத்துக்கான குறிப்பில் ஆட்களில் முதலில் வருவது உங்கள் பையன்தான். வெள்ளைக் கோட்டு, தொப்பி போட்ட மிக அழகான பையன் என்று. அந்தப் பெண் சாண்ட்விச் சாப்பிடுகிறாள் என்பதும் அதில்தான் இருக்கிறது. கணவரின் சாயலில் இருக்கும் அந்த மூக்குக்காரரைத்தான் ராத்திரிப் பருந்து என்கிறார். முதுகு காட்டுபவரை ஏதோ விபரீதமான ஆள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்.

மீனா அத்தை: விபரீதமெல்லாம் இல்லை. களைப்பு.

பெரியப்பா: நோட்டில் முதல் இடமா? சரி, அந்த அம்மாவை மன்னித்துவிட்டேன். இதை எவ்வளவுக்கு விற்றார்கள்?

அரவிந்த்: சில மாதங்களிலேயே இந்த மியூசியம் 3,000 டாலருக்கு வாங்கிவிட்டது.

பெரியப்பா: கடையையே வாங்கியிருக்கலாமே.

கயல்: காவலுக்கு நிற்பவர் என்னையே பார்க்கிறார். படத்தைவிட போனைத்தான் அதிகம் பார்க்கிறேன். கிளம்பட்டுமா? ஒரு போஸ்ட் கார்டு யாருக்கு வேண்டும்?

மீனா அத்தை: எனக்கு.

பெரியப்பா: எனக்கும் ஒன்று. பையன் தெளிவாகத் தெரிகிறதா பார்த்து வாங்கு.

அரவிந்த்: நான் இன்னமும் அது தனிமைப் படம்தான் என்கிறேன். நாலு பேர் என்பதால் தனிமை நாலு மடங்கு.

பெரியப்பா: நாலு என்று எண்ணினாயே, அதுவே போதும்.

சித்தப்பா: எனக்கும் அந்த முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரைத்தான் பிடித்திருக்கிறது.

சித்ரா சித்தி: தெரிந்ததுதானே. எழுந்து வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள்.