கொல்கத்தாவுக்கு முதல் பயணம்: அம்மா, சித்தி, மகனுடன் பாதுகாப்பாகச் சென்று வருவது எப்படி?

ராணிப்பேட்டை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் காட்பாடியிலிருந்து ஹவுரா செல்லும் வண்டியில் முன்பதிவு செய்திருக்கிறோம். நான், அம்மா, சித்தி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் என நால்வர். காளிகாட்டையும் தட்சிணேசுவரத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மகனுக்கோ ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆண் துணை இல்லாமல் மொழி தெரியாத ஊருக்குப் போவதா என்று வீட்டில் முணுமுணுப்பு ஓயவில்லை. எனக்கு ஆங்கிலம் ஓரளவு பேச வரும். மற்றவர்களுக்குத் தமிழ் மட்டுமே. "கவனமாக இரு" என்று சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் எதில் கவனம் வேண்டும் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. ஹவுராவில் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும், எந்தப் பகுதியில் தங்கலாம், கோயில்களில் என்ன நடக்கும் என்பதை அங்கே போய் வந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். துர்கா பூஜையும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது.

காந்தி ரோடு விடுதிக்காரர்

அம்மா, நான் வேலூரில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். மொழி தெரியாத ஊரில் இறங்குகிறவர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதைக் காட்பாடி நிலைய வாசலில் அன்றாடம் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாலாபுறமும் பார்க்கிறவரைத்தான் தரகர்கள் சூழ்கிறார்கள். அவர் ஒரு விடுதியின் பெயரைச் சொன்னால், அது நிரம்பிவிட்டது என்பார்கள், அல்லது மூடிவிட்டார்கள் என்பார்கள். பிறகு தங்களுக்குக் கமிஷன் கிடைக்கும் இடத்துக்கு அழைத்துப் போவார்கள். அதே வண்டியில் வந்த இன்னொரு குடும்பம், அறையை முன்பே பேசி வைத்து, எதில் ஏறுவது என்பதையும் வண்டிக்குள்ளேயே முடிவு செய்துவிட்டு, நிற்காமல் நடந்து போய்விடும். அவர்களை யாரும் தொடர்வதில்லை. ஹவுராவிலும் இதேதான் நடக்கும், கூட்டம் மட்டும் பல மடங்கு. தானாக வந்து உதவுகிறவரின் உதவியை ஏற்காதீர்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால், நீங்களாக ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். சீருடையில் இருப்பவர், கவுன்ட்டருக்குள் இருப்பவர், குடும்பத்துடன் நிற்பவர் என்று பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கும்.

ஹவுரா நிலையம் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. கொல்கத்தா நகரம் எதிர்க்கரையில். தென்னிந்திய வண்டிகள் வழக்கமாகப் புதிய வளாகத்துக்கு வரும். அங்கிருந்து ஆற்றைக் கடக்க மூன்று நல்ல வழிகள் உண்டு. உங்கள் மகன் கேட்ட மெட்ரோ 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. நிலையத்தை ஒட்டியே ஏறலாம், ஆற்றுக்கு அடியில் ஒரு நிமிடம்கூட ஆகாது. எஸ்பிளனேடில் இறங்கித் தெற்கே போகும் நீல வழித்தடத்துக்கு மாறினால் காளிகாட் நிலையம் வரை போகலாம். பெட்டிகள் அதிகம் என்றாலோ, வண்டி தாமதமாகி இரவில் சேர்ந்தாலோ, நிலையத்துக்கு வெளியே உள்ள முன்கட்டண டாக்சி கவுன்ட்டரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சேர வேண்டிய இடத்துக்குப் போய் இறங்கிய பிறகே அந்த ரசீதை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். படகுத்துறையும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் வயதானவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு முதல் நாளே படகேற வேண்டாம்.

நள்ளிரவுக்கு மேல் சேர்ந்தால் உடனே வெளியேறாதீர்கள். காத்திருப்போர் அறையில் விடியும் வரை உட்கார்ந்திருப்பதில் ஒரு குறையும் இல்லை.

லேக் மார்க்கெட் பழைய வாசி

சகோதரி, வேலை நிமித்தம் கொல்கத்தாவில் குடியிருந்துவிட்டு இப்போது சத்துவாச்சாரிக்குத் திரும்பியிருக்கிறேன். தங்குவதற்கு லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பகுதியைப் பாருங்கள். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் அது. இட்லியும் காபியும் கிடைக்கும், காளிகாட் மெட்ரோ நிலையம் பக்கம், மாலையில் பெண்கள் தெருவில் நிறைய நடமாடுவார்கள். மலிவாக இருக்கிறதே என்று சடர் தெருப் பக்கம் போகாதீர்கள். கைக்குழந்தையுடன் ஒரு பெண் வந்து, பணம் வேண்டாம், குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கேட்பதும், நீங்கள் நகர்ந்ததும் அந்த டப்பா கடைக்கே திரும்பிவிடுவதும் அந்தப் பகுதியில் பழகிப்போன தந்திரம்.

காளிகாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத்தில் பணம் பறிபோகக்கூடிய இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கோயில் தெருவில் நுழைந்ததுமே பாண்டா எனப்படும் பூசாரித் தரகர் ஒருவர் கூடவே நடக்கத் தொடங்குவார். வரிசையில் நிற்க வேண்டாம், நேராகத் தரிசனம் என்பார். செருப்பை ஒரு கடையில் விடச் சொல்வார். அந்தக் கடையிலேயே பேடாவும் செம்பருத்தி மாலையும் கைக்கு வந்துவிடும், விலை பிறகுதான் தெரியும். தரிசனம் முடிந்து கையில் கயிறு கட்டியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வரும். முன்பு வந்தவர்கள் ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்ததாக அதில் பெயரோடு எழுதியிருக்கும். அம்மா போன்ற பக்தி உள்ளவர்கள் சந்நிதிக்கு முன்னால் மறுத்துப் பேசக் கூசுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, விடுதியிலிருந்து கிளம்பும்போதே உண்டியலில் போட வேண்டிய தொகையை அம்மாவிடமும் சித்தியிடமும் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பெரிய நோட்டுகள் அறையிலேயே இருக்கட்டும். யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல், விடியற்காலையில் பொது வரிசையில் நில்லுங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள். யாராவது கையைப் பிடித்தால் நின்று விளக்கம் சொல்லாமல் கையை விடுவித்துக்கொண்டு நடங்கள்.

தட்சிணேசுவரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நீல வழித்தடத்தின் வடகோடி நிலையமே அதுதான். 2021 முதல் மெட்ரோ அங்கே போகிறது. ராமகிருஷ்ண மடத்தின் தலைமையகமான பேலூர் மடமும் அமைதியான இடம், ஆனால் நண்பகலில் சில மணி நேரம் மூடியிருக்கும் என்பதால் நேரம் பார்த்துப் போங்கள்.

நியூ மார்க்கெட்டுக்குப் போனால், கூடையுடன் ஒருவர் பின்னாலேயே வருவார். அவர் காட்டும் கடையில் வாங்கினால் அவருடைய பங்கும் உங்கள் பில்லில் சேரும். மற்றபடி அவரால் ஆபத்து எதுவும் இல்லை.

ஆற்காடு ஓய்வு வங்கி அலுவலர்

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனால் கேள்வி கேட்ட சகோதரி இதையெல்லாம் படித்துவிட்டுப் பயணத்தையே கைவிட்டுவிடக் கூடாது. கொல்கத்தாவில் வழி கேட்டால் பாதித் தெரு கூடி வாதிட்டு வழி சொல்லும். காளிகாட்டில் போவது சில நூறு ரூபாய்தான். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய தொகை போகிற வாசல் இன்று கைப்பேசியில் இருக்கிறது, அதுவும் நீங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே.

இணையத்தில் விடுதியின் பெயரைத் தேடினால், அதே பெயரில், அதே படங்களுடன் போலித் தளங்களும் போலி எண்களும் வருகின்றன. பூஜைக் காலம், அறை கிடைப்பது அரிது, உடனே முன்பணம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். பக்தர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைக்கும் இத்தகைய முன்பதிவு மோசடிகளைப் பற்றி மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் பொதுமக்களை எச்சரித்தது. நேரில் போய்ப் பணம் கட்டும் வசதி உள்ள அறையைப் பிடியுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே தங்கி வந்த ஒருவரிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பணம் அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால், நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்; விரைவாகச் சொன்னால்தான் தொகையை வழியிலேயே முடக்க முடியும். பயணத்துக்கென்று சிறு தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கை யுபிஐ-யில் இணைத்துக்கொள்வது நல்லது. ரயிலில் தொல்லை என்றால் 139, மற்ற எல்லா அவசரத்துக்கும் 112. கொல்கத்தா போலீசார் வெள்ளைச் சீருடையில் இருப்பார்கள் என்பதை உங்கள் மகனுக்கும் சொல்லி வையுங்கள்.

பூஜைக் கூட்டத்தை மட்டும் எளிதாக எண்ண வேண்டாம். சப்தமி முதல் நவமி வரை மாலையானால் பல சாலைகளில் வண்டிகளை விடமாட்டார்கள். நெரிசலில் கைப்பேசி இணைப்பும் சரியாகக் கிடைக்காது. அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு பந்தல் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் போங்கள். அதே பந்தல், அதே துர்கை, கூட்டம் மட்டும் இருக்காது.

ராணிப்பேட்டை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. பூஜை முடிந்த மறுநாள் சேரும்படி தேதியை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. தாலிச் சரட்டைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார், ஐந்து பவுன். கூட்டத்தில் மகன் கை நழுவிப் போனால் என்ன செய்வது என்ற கவலையும் இருக்கிறது.

லேக் மார்க்கெட் பழைய வாசி

கழற்ற வேண்டாம், மாற்றினால் போதும். ஊரிலேயே நல்ல நாள் பார்த்து மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொன்சரடு வீட்டிலேயே இருக்கட்டும். நம் பக்கத்துப் பெண்கள் நெடுந்தூர யாத்திரைக்கு இப்படித்தான் கிளம்புவார்கள், அம்மாவும் மறுக்கமாட்டார். ரயிலில் சன்னலோரப் படுக்கையைச் சித்திக்குக் கொடுத்தால், நிலையங்களில் வண்டி நிற்கும்போது கைப்பை சன்னல் பக்கம் இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அறிமுகமில்லாதவர் தரும் பிஸ்கட்டையும் தேநீரையும் மகன் வாங்கக் கூடாது.

காந்தி ரோடு விடுதிக்காரர்

மகனுக்கு ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்குப் போடுங்கள். உங்கள் கைப்பேசி எண், விடுதியின் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள மெட்ரோ நிலையம் ஆகியவை மட்டும் போதும். பையன் பெயர் வேண்டாம், பெயர் சொல்லி அழைக்கிறவரைக் குழந்தைகள் எளிதில் நம்பிவிடுவார்கள். கீழே வங்காளத்திலும் அதையே எழுத வேண்டும். அறை உறுதியானதும் முகவரியுடன் ஒரு நாள் வேலூர் வந்தால், எங்கள் தெருவில் வங்காளப் பலகை எழுதுகிறவரிடம் நான்கு சீட்டு எழுதி வாங்கித் தருகிறேன். டாக்சி ஓட்டுநரிடம் காட்டவும் அதுவே உதவும். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.