கலைச்சொல் வேண்டும்: மாண்டகிரீன்

அனைவருக்கும் வணக்கம்.

விந்தையான ஆங்கிலச் சொற்களைப் பள்ளி மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும் ஒரு சிறு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். மாண்டகிரீன்: பாட்டு வரியைத் தவறாகக் கேட்டு, அந்தத் தவறிலேயே ஒரு பொருளும் கண்டுகொள்வது.

சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-இல் ஒரு கட்டுரையில் இதற்குப் பெயர் வைத்தார். சிறுவயதில் அவருடைய அம்மா ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலை வாசித்துக் காட்டுவாராம். கொலையுண்ட பிரபுவைப் புல்தரையில் கிடத்தினார்கள் என்று அதில் ஒரு வரி, 'லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்'. சிறுமியின் காதில் அது 'லேடி மாண்டகிரீன்' என்று விழுந்தது. பிரபுவோடு ஒரு சீமாட்டியும் செத்துப்போனாள் என்றே நம்பியிருந்தார். இல்லாத அந்தச் சீமாட்டியின் பெயரே இன்று அகராதியில் இருக்கிறது.

இப்போதைக்குக் 'காதுப்பிழை' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

---

அம்மா, எழுத்துப்பிழை, அச்சுப்பிழை வரிசையில் யோசித்திருக்கிறீர்கள். ஆனால் காதுப்பிழை என்றால் காதில்தான் ஏதோ கோளாறு என்று படுகிறது. 'செவிமயக்கம்' என்று வையுங்கள். திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் எல்லாம் நமக்குப் பழக்கம்தானே? ஒன்று இன்னொன்றாகக் கலந்து வருவதுதான் மயக்கம்.

நம் இலக்கணம் இதன் பக்கத்து வீட்டுக்கு எப்போதோ போய்வந்திருக்கிறது. தொல்காப்பியப் புணரியலில் 'எழுத்தோரன்ன பொருள்தெரி புணர்ச்சி' என்று தொடங்கும் நூற்பாவைப் பாருங்கள். எழுத்து ஒன்றாகவே இருக்கும், பொருள் இரண்டாகும், சொல்லும் இசையில்தான் வேறுபாடு தெரியும். உரையில் வரும் காட்டு 'செம்பொன்பதின்றொடி'. செம்பு ஒன்பதின் தொடியா, செம்பொன் பதின் தொடியா? தொடி என்பது ஒரு நிறை. பிரிக்கும் இடம் ஓர் எழுத்து நகர்ந்தால் செம்பு தங்கமாகிவிடுகிறது! 'குன்றேறாமா'வும் அப்படித்தான். குன்று ஏறு ஆமா என்றால் மலையேறும் காட்டுப்பசு, குன்று ஏறா மா என்றால் மலையேறாத விலங்கு. சீமாட்டி மாண்டகிரீன் பிறந்ததும் இப்படிப் பிரித்துக் கேட்டதில்தான்.

---

ஐயா சொன்ன எடுத்துக்காட்டுகளை மிகவும் ரசித்தேன். சொல்லில் எனக்கு ஒரு தடை. நான் மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவன். உட்காதில் கோளாறு வந்தால் தலைசுற்றல் வரும். செவிமயக்கம் என்றதும் என் வாசகர் அதைத்தான் நினைப்பார். இலக்கணம் படித்தவருக்குத்தான் மயக்கம் கலப்பு, மற்றவருக்கெல்லாம் அது கண் இருட்டுவது.

வோல்ட், வாட் இரண்டையும் ஆள்பெயர் என்று அப்படியே ஏற்றுக்கொண்டோம். மாண்டகிரீனையும் அப்படியே விட்டால் என்ன?

---

வோல்ட்டா உண்மையில் வாழ்ந்த மனிதர். இந்த அம்மாள் வாழவே இல்லை. ஆங்கில ஓசை தெரிந்தவர்க்கு மட்டுமே அந்தப் பெயரில் பொருள் உண்டு. தமிழ் மாணவருக்கு அது வெறும் ஒலி. ஒலிபெயர்ப்பில் போவது அந்தச் சொல்லின் உயிரேதான்.

'பிறழ்கேள்வி' என்பது என் பரிந்துரை. குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, அங்கே கேட்டல்தான் பொருள். வினாவுக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கியது நாம். கேள் என்றால் உறவும்தான், கேளிர் என்கிறோமே. காதில் விழுவது நமக்கு உறவாகிறது என்று கூடச் சிந்திக்கலாம்.

---

உறவு வரைக்கும் போய்விட்டோம், நண்பரே. வகுப்பில் 'பிறழ்கேள்வி' என்று எழுதினால் வினாத்தாளில் ஏதோ தவறு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

இதோடு பழமொழியையும் சேர்க்க வேண்டாமா? மண்குதிரை உண்மையில் மண் குதிர், ஆயிரம் பேரைக் கொன்றவன் உண்மையில் ஆயிரம் வேரைக் கொன்றவன் என்கிறார்களே.

---

அதை நூலில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 'உண்மையான வடிவம்' என்று சொல்பவர்கள் பழைய சான்று எதையும் காட்டுவதில்லை. ஆற்றில் இறங்கினால் மண்ணால் செய்த குதிரை கரையத்தானே செய்யும்? அந்தப் பழமொழிக்குத் திருத்தமே தேவையில்லை. பொருள் புரிந்த வரியைக் கூடப் பிரித்துப் பார்க்கும் ஆசை அது. வேறு கதை.

சொல்லுக்கு வருகிறேன். 'செவிப்பாடம்'. ஒரே வரிக்குச் சுவடிக்குச் சுவடி வேறு பாடம் இருப்பதைப் பாடபேதம் என்கிறோம். இது செவி தந்த பாடம். ரைட் அம்மையாரே, தவறாகக் கேட்டது மூலத்தைவிட நன்றாக இருக்கிறது என்றுதான் அந்தக் கட்டுரையில் வாதாடுகிறார். பிழை, பிறழ்வு, மயக்கம் மூன்றுமே அவருக்கு எதிரான சொற்கள்.

---

பாடம் வடசொல். அதோடு, செவிப்பாடம் என்றால் கேட்டுப் படிக்கும் ஒலிப்பாடம் என்றே எல்லாரும் கொள்வார்கள்.

---

எல்லாருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் செவிமயக்கத்துக்கு ஐந்து பேர், செவிப்பாடத்துக்கு மூன்று பேர், பிறழ்கேள்விக்கு ஒருவர். செவிமயக்கம் என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மாண்டகிரீன் என்ற பெயரும் சீமாட்டியின் கதையும் இருக்கும். தலைசுற்றல் என்று யாரும் நினைக்காதபடி குன்றேறாமாவை உடனே அடுத்த வரியில் வைத்துவிட்டேன். என் மனம் செவிப்பாடத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் என்றால் பாடப்புத்தகம்தான்.

---

சரி, அச்சுக்குப் போகட்டும். என் கட்டுரைகளில் நான் செவிப்பாடம் என்றே எழுதுவேன். அப்புறம், அந்த நூலில் 'எக்கார்ன்' இருக்கிறதா? ஓக் மரத்துக் கொட்டையான ஏகார்னை யாரோ முட்டையோடு சேர்த்து எக்கார்ன் என்று சொல்லப்போய், 2003-இல் அந்த வகைப் பிழைக்கே அது பெயரானது. அங்கேயும் மயக்கம் என்றே போட்டால் இரண்டுக்கும் வேறுபாடு எப்படித் தெரியும்? இன்றிரவு விழித்திருப்பேன், எழுதுங்கள்.