கோ-வுக்கு பாஸ்ட் டென்ஸ் ஏன் வென்ட்?

மல்லிப்பந்தல்: ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு ‘ஐ கோ-எட் டு ஸ்கூல்’னு எழுதிட்டு வந்தா. ப்ளே ப்ளேட் ஆகுது, ஜம்ப் ஜம்ப்ட் ஆகுது, இது மட்டும் ஏன் சம்பந்தமே இல்லாம வென்ட்னு வருதுன்னு கேக்குறா. அப்படித்தான்னு மனப்பாடம் பண்ண சொல்ல மனசு வரல, காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழஞ்சொல்: நல்ல கேள்வி கேட்டிருக்கா பாப்பா. வென்ட் உண்மையிலயே கோ-வுக்கு சொந்தமில்ல. வெண்ட்னு (பேண்ட் வாத்தியத்துல வர்ற ‘ட்’ மாதிரி சொல்லணும்) இன்னொரு வெர்ப் இருக்கு, திரும்புறது, வழி பாத்து போறதுன்னு அர்த்தம், அதோட பாஸ்ட் டென்ஸ்தான் வென்ட். பெண்டுக்கு பென்ட், ஸ்பெண்டுக்கு ஸ்பென்ட் வர்ற அதே கணக்கு. பழைய இங்கிலீஷ்ல கோ-வை ‘கான்’னு சொன்னாங்க, அதுக்கு பாஸ்ட் ‘ஏஒடெ’, பாருங்க அதுவும் வேற வேர்ல இருந்து வந்ததுதான், அப்பவே கோ-வுக்கு சொந்தமா ஒண்ணு இல்ல. அப்புறம் ஏஒடெ கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போய் 1500 வாக்குல வென்ட் அந்த இடத்தை பிடிச்சிருச்சு. வெண்டுக்கு இப்ப வெண்டட்னு புதுசா போட்டுக்கிட்டாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா ஸ்காட்லாந்துல கோ-வோட ‘ட்’ சேத்து ‘கேட்’னுதான் பாஸ்ட் டென்ஸ் வச்சாங்க. உங்க பொண்ணு போன வழி அதேதான், அவகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

ஆத்தங்கரை: பி வெர்ப் இதைவிட மோசம் சார். ‘ஆம்’, ‘இஸ்’ ஒரு வேர்ச்சொல்ல இருந்து வந்தது, ‘வாஸ்’, ‘வெர்’ இன்னொண்ணுல இருந்து, ‘பி’, ‘பீன்’ மூணாவதுல இருந்து. தினம் நூறு தடவ வாயில வர்ற சொல்லுங்கதான் இப்படி ஒழுங்கில்லாமலே நிக்குது, அபூர்வமா பேசுறதுக்கு எல்லாரும் ‘எட்’ போட்டு சரி பண்ணிடுறாங்க.

மல்லிப்பந்தல்: ரொம்ப நன்றி! அப்போ கான்... அதாவது ஹேவ் கான்ல வர்றது, அது யாரோடது?

பழஞ்சொல்: அது கோ-வோடதேதான், மாறவே இல்ல. இன்னொண்ணு, டூ இயர்ஸ் அகோன்னு சொல்றோம்ல, அந்த அகோவும் இதே குடும்பம். முன்னாடி அகான்னு இருந்துச்சு, கடந்து போனதுன்னு அர்த்தம், அப்போ ரெண்டு வருஷம் போயாச்சுன்னுதான் சொல்றோம்.