முற்றத்தில் வருஷம் முழுக்கப் பூ இருக்க என்ன நடலாம்?

தக்கலை வீடு: மொத்தமே மூன்று சென்ட் முற்றம். சித்திரையில் மல்லிகை கொட்டுகிறது, மழை தொடங்கியதும் வெறும் பச்சைதான், பார்க்கவே மனசு வாடுகிறது. என்ன வைக்கலாம்?

தோவாளைத் தோட்டம்: அண்ணே, நம்ம குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை, அதனால் முதலில் மண்ணை மேடாக்குங்கள், வேரில் தண்ணீர் நின்றால் எதுவும் தப்பாது. அப்புறம் மழைக்காலத்துக்குப் பிச்சி, அதாவது ஜாதிமல்லி வையுங்கள். ஓணத்துக்குக் கேந்தி (செண்டுமல்லி) வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே விதை போட வேண்டும். மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுத் தைரியமாக வெட்டுங்கள், துளிர்க்கிற கிளையில்தான் மொட்டு வரும். நான் பாவம் பார்த்து வெட்டாமல் விட்ட வருஷம் இலைதான் மிச்சம்.

குளச்சல் அக்கா: எங்களுக்கு உப்புக்காற்று, அரளியும் காகிதப்பூவும்தான் தாங்குகின்றன. அரளி முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். தெற்றி, அதாவது இட்லிப்பூ, எல்லா மாதமும் பூக்கும், கண்டிப்பாக ஒரு செடி வையுங்கள்.

தக்கலை வீடு: பேரன் இருக்கிறான், அரளி வேண்டாம் அக்கா. பிச்சியும் தெற்றியும் இந்த வாரமே வாங்குகிறேன்.