பிளாஷில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர் இனி எந்த மென்பொருளுக்கு மாறுவது?

வாவிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் கழுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். பிளாஷிலும், 2016 இல் அடோபி அதற்கு அனிமேட் என்று பெயர் மாற்றிய பின்னர் அதே மென்பொருளிலுமாக, பன்னிரண்டு வருடங்களாகச் சிறுவர் பாடல்களுக்கும் பாடசாலைப் பாடங்களுக்கும் இருபரிமாண அசைவூட்டம் செய்து வருகிறேன். பெரும்பாலான வேலை, வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செய்து கொடுத்ததாகும். தமது தொடர்கள் அனைத்தையும் டூன் பூம் ஹார்மனி என்ற வேறோர் அசைவூட்ட மென்பொருளுக்கு மாற்றிவிட்டதாகவும், ஹார்மனி தெரியாதவர்களுக்கு இனிக் காட்சிகள் ஒதுக்கப்படமாட்டா என்றும், கடந்த மாதம் அவர்கள் இரண்டு வரி மின்னஞ்சலில் சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

2020 டிசம்பர் 31 உடன் பிளாஷ் பிளேயர் நிறுத்தப்பட்டபோது, எனது வேலையும் போய்விட்டதா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. உலாவியில் ஓடுகிற பிளேயர் வேறு, நான் வரைகிற மென்பொருள் வேறு என்று விளக்கிச் சொல்லியே வாய் வலித்தது. ஐந்தாறு வருடம் பிந்தியென்றாலும் அவர்கள் கேட்டதே நடந்திருக்கிறது.

விளம்பரங்களைப் பார்த்தால் ஹார்மனியில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தை நான் எங்கே பெறுவது? எனக்கு 36 வயதாகிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், என்னிடமுள்ள கணினி 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய இயந்திரம். பழைய மென்பொருளிலேயே இன்னும் வேலை தேடுவதா, அல்லது புதியதொன்றை அடியிலிருந்து படிப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லடிப் பென்சில்:

தம்பி, நானும் பிளாஷிலிருந்து ஹார்மனிக்கு மாறியவன்தான். அடியிலிருந்து படிக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. பிளாஷில் வாய் அசைவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிராபிக் சிம்பலுக்குள், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் படப் பொதிக்குள், ஒன்பது வாய்களை ஒன்பது பிரேம்களில் வைத்து, வெளியிலிருந்து எந்தப் பிரேம் தெரியவேண்டும் என்று தெரிவுசெய்கிறீர்கள். ஹார்மனியில் அதே ஒன்பது வாய்களும் ஒரே லேயரில் ஒன்பது வரைபடங்களாக இருக்கும். ஒவ்வொரு பிரேமிலும் எது வரவேண்டும் என்று மாற்றிக்கொண்டு போகிறீர்கள். பெயர்தான் வேறு, கை செய்கிற வேலை அதுவேதான்.

சிரமம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பிளாஷில் படமும் அதன் அசைவும் ஒரே லேயரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹார்மனியில் படம் ஒரு லேயர், அதை அசைக்கிற 'பெக்' என்பது அதற்கு மேலே தனியாக நிற்கும். முதல் இரண்டு வாரமும் நான் பெக்கைப் பிடிக்காமல் படத்தையே பிடித்து இழுத்து, முடித்த காட்சிகளைத் தூக்கியெறிந்துவிட்டு மறுபடியும் செய்தேன். பழைய பாத்திரங்களைக் கொண்டுவந்தபோது, உறுப்புகள் சுழலும் மையமான பிவட் புள்ளிகளும் இடம் மாறிவிட்டன. கை தோளிலிருந்து மடங்காமல், முழங்கைக்கு அருகே எங்கோ ஓரிடத்திலிருந்து காற்றாடி போலச் சுழன்றது. இதையெல்லாம் ஒரு முறை பட்டு அறிந்துவிட்டால் பிறகு வேகம் தானாக வந்துவிடும்.

இரண்டு வருட அனுபவம் என்ற வரியைக் கண்டு பின்வாங்கவேண்டாம். நான் விண்ணப்பித்த இடங்களில் சான்றிதழ் கேட்கவில்லை. ஒரு பாத்திரத்தின் ரிக்கை, அதாவது அசைப்பதற்கு ஏற்றபடி மூட்டுகள் இணைத்த உருவத்தை, அனுப்பி, சில விநாடிகளுக்கு அசைத்துக் காட்டச் சொன்னார்கள். ஆகவே ஹார்மனியின் இலவசப் பரிசோதனைப் பதிப்பை இறக்கி, உங்கள் பழைய வேலையிலிருந்து பத்து விநாடிக் காட்சியொன்றை அதில் மீண்டும் செய்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். பரிசோதனைக் காலம் குறுகியது என்பதால், எந்தக் காட்சி என்பதை முடிவுசெய்து, படங்களையும் ஒலியையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே இறக்குங்கள்.

இன்னொன்று, அனிமேட் சந்தா முடிவதற்கு முன் பழைய கோப்புகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றைப் பிஎன்ஜி படங்களின் வரிசையாகவும் எஸ்விஜி படக் கோப்புகளாகவும் வெளியே எடுத்து வையுங்கள். பிளாஷின் சிஎஸ்5 பதிப்பு முதல் சேமித்த எஃப்எல்ஏ கோப்பு, அதாவது நீங்கள் வேலை செய்கிற மூலக் கோப்பு, உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். பெயரின் கடைசிப் பகுதியை ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே உங்கள் லைப்ரரி சிம்பல்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளாகக் கிடக்கும்.

அக்கரைப்பற்றுக் காக்கா:

தம்பிக்கு வந்த கவலை எனக்கு 2014 மார்ச்சில் வந்தது. அப்போது நான் வெளிநாட்டில் சொஃப்ட்இமேஜ் என்ற மென்பொருளில் முப்பரிமாண வேலை செய்துகொண்டிருந்தேன். 2008 இல் அதை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2015 என்று பெயரிட்ட பதிப்போடு அதை நிறுத்துவதாக அறிவித்தது. தனது மற்ற மென்பொருள்களான மாயாவுக்கோ 3டிஎஸ் மாக்ஸுக்கோ மாறிக்கொள்ளுங்கள் என்றது. என்னோடு இருந்த இளைஞர்கள் அன்றிரவே மாயாவைத் திறந்தார்கள். நானோ ஒரு வருடம் முழுவதும், எங்கள் மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு மாயாவில் ஒரு மணித்தியாலம் போகிறது என்று எல்லோரிடமும் நிரூபித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது சரிதான், ஆனால் சம்பளம் அவர்களுக்குத்தான் உயர்ந்தது.

ஒரு விடயத்தில் மட்டும் கல்லடித் தம்பியோடு நான் உடன்படவில்லை. ஹார்மனியும் ஒரு கம்பனியின் சொத்து. அன்று சொஃப்ட்இமேஜுக்கு வந்தது நாளை அதற்கும் வரலாம். வேலைக்காக ஹார்மனியைப் படியுங்கள், உங்கள் சொந்த வேலைகளைப் பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்து வையுங்கள். அது இலவசம், அதன் மூலநிரல் திறந்தது, எந்த அலுவலகமும் மின்னஞ்சல் போட்டு அதை நிறுத்த முடியாது. கிரீஸ் பென்சில் என்ற இருபரிமாணப் பகுதியை 2024 நவம்பரில் வந்த 4.3 பதிப்பில் அடியோடு திருத்தி எழுதியிருக்கிறார்கள். உங்கள் 8 ஜிபி இயந்திரத்தில் எளிய இருபரிமாணக் காட்சிகள் ஓடும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஆனாலும் தொலைக்காட்சித் தொடர் செய்கிற நிறுவனங்கள் கிரீஸ் பென்சில் தெரியுமா என்று கேட்பதை நான் அதிகம் காணவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்முனை நிழற்படம்:

வெளிநாட்டு வேலையை மட்டும் நம்பியிருப்பது பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் கல்முனையில் திருமணக் காணொளிகள், தனியார் வகுப்பு ஆசிரியர்களின் யூரியூப் பாடங்கள், சுகாதார விழிப்புணர்வுப் படங்கள் ஆகியவற்றைச் செய்து கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்ன மென்பொருள் என்று என்னிடம் கேட்டதில்லை. எவ்வளவு, எப்போது தருவீர்கள், வட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்ற மூன்றையும்தான் கேட்பார்கள். விலை வெளிநாட்டு வேலைக்குக் கிட்டவும் வராது. ஆனால் மாறுகிற ஆறேழு மாதத்துக்கு வீட்டுச் செலவைத் தாங்கும். அனிமேட்டிலேயே செய்து எம்பி4 ஆகக் கொடுங்கள்.

தமிழ் எழுத்து வரும் இடத்தில்தான் கவனம் தேவை. இங்குள்ள ஆசிரியர்கள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து தருவார்கள். அதை யூனிகோட்டுக்கு மாற்றும்போது பிழைகள் வரும், ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிளெண்டருக்குள் நேரடியாகத் தமிழைத் தட்டியபோது எனக்குக் கொம்பும் காலும் கழன்று நின்றன. நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தைப் பாதையாக (கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி ஆக உள்ளே கொண்டுவருகிறேன்.

வெளிநாட்டு வருமானம் மீண்டும் தொடங்கினால் கணக்கையும் எழுதி வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் இலங்கையில் அதற்கும் வருமான வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்குப் போக, மிஞ்சியதற்கு அதிகபட்சம் 15 சதவீதம்.

வாவிக்கரை:

மூவருக்கும் நன்றி. காக்கா சொன்ன அந்த ஒரு வருடத்தைப் போலவே நானும் கடந்த ஒரு மாதத்தை வீணாகச் செலவழித்துவிட்டேன் என்று வாசிக்கும்போதுதான் விளங்கியது. ஹார்மனியைக் குறைசொல்லி எழுதி வைத்திருந்த பேஸ்புக் பதிவை அழித்துவிட்டேன்.

ஆமையொன்று மழையில் குடை பிடித்து நடக்கிற ஒரு சிறுவர் பாடல் காட்சி என்னிடம் இருக்கிறது. நடை, வாய் அசைவு, குடை பிடித்த கை மூன்றும் அதில் வருவதால் அதையே ஹார்மனியில் மீண்டும் செய்யப் போகிறேன். இந்த வாரம் படங்களை வெளியே எடுக்கிறேன், அடுத்த வாரம் பரிசோதனைப் பதிப்பை இறக்குகிறேன். நாளை கல்முனைக்கு வருகிறேன் அக்கா, உங்கள் கடையில் சந்திக்கலாமா? கல்லடி அண்ணாவிடம் ஒரு கேள்வி: படத்தைப் பிடித்து இழுத்துவிடாமல் பெக்கை மட்டும் பிடிக்க ஏதாவது வழி உண்டா?

கல்லடிப் பென்சில்:

உண்டு தம்பி. டிரான்ஸ்ஃபோர்ம் கருவியை எடுத்ததும் அதன் பண்புகள் பகுதியில் 'பெக் செலக்ஷன் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. காட்சியைத் திறந்தவுடன் முதலில் அதை அழுத்திவிட்டு ஆமையைத் தொடுங்கள்.