புதுப்பிப்பு: விரல் வலிக்காத பேனா கிடைத்துவிட்டது

பால்பாயிண்ட் பேனாவில் நாள் முழுக்கக் கணக்கு எழுதி நடுவிரல் காய்த்துப்போச்சு, என்ன வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மை பேனா என்றீர்கள். வாங்கிவிட்டேன்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு கடையில், அண்ணாச்சி ஏழெட்டுப் பேனாவை மையில் தொட்டு எழுதிப் பார்க்கக் கொடுத்தார். பேரேட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுபோனது நல்லதாயிற்று. அந்த மலிவுத் தாளில் தடித்த நிப்பெல்லாம் மையைப் பரப்பியது. மெல்லிய நிப்தான் நின்றது.

பால்பாயிண்டில் எண்ணெய் மை. குண்டு உருள அழுத்தியே ஆகவேண்டும். இதில் தண்ணீர் மை, நிப் தாளைத் தொட்டாலே தானாக இறங்குகிறது. மூன்று வாரமாகிறது, வலி இல்லை.

ஆனால் கார்பன் வைத்த பில் புத்தகத்துக்குப் பழைய பேனாதான். அழுத்தினால்தானே அடித்தாளில் விழும்! அப்புறம், சித்திரை வெயிலில் வியர்வைக் கை பட்டு எழுத்து கலைகிறது. கைக்குக் கீழே துண்டுத்தாள் வைத்துக்கொள்கிறேன்.