ரூபாய் நோட்டைச் சேதப்படுத்தினால் 7 ஆண்டுச் சிறையா?

கேள்வி (மணமகளின் அண்ணன்):
அடுத்த மாதம் நடக்கவிருக்கும் என் தங்கையின் திருமணத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதற்காக, புதிய 10 ரூபாய் நோட்டுகளை மடித்துப் பின் அடித்துப் பணமாலை கட்டத் தாய்மாமா ஏற்பாடு செய்கிறார். நோட்டில் பின் அடிப்பதும் எழுதுவதும் கிழிப்பதும் 7 ஆண்டுச் சிறைக்குரிய குற்றம் என்று பெரியப்பா தடுக்கிறார். அவர் சொல்லும் சட்டம் எது, அது நோட்டுக்குப் பொருந்துமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (வழக்கறிஞர்):
பெரியப்பா சொல்லும் தண்டனை இருக்கிறது. ஆனால் அது நாணயத்துக்கு உரியது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்ய, 13ஆம் பிரிவு அதற்கு 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. முகமதிப்பைவிட உலோகத்தின் விலை கூடும்போது சில்லறையை உருக்கி விற்பது ஆதாயமாகிவிடும் என்பதே இந்தக் கடுமைக்குக் காரணம். 2007இல் இந்திய நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடுகளாக மாறுவதாகச் செய்திகள் வந்தது நினைவிருக்கலாம். நோட்டுக் காகிதத்தில் அப்படி ஆதாயம் ஏதுமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 178 முதல் 182 வரையுள்ள பிரிவுகளும் கள்ள நோட்டு, போலி நாணயம் ஆகியவற்றைப் பற்றியவையே. தன் கையிலுள்ள நல்ல நோட்டைக் கிழித்தவருக்குச் சிறை என்று அவை சொல்லவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் வேடிக்கையானது. நிதி அமைச்சகம் வெளியிடும் ஒரு ரூபாய் நோட்டையும் நாணயச் சட்டம் 'நாணயம்' என்றே வரையறுக்கிறது. ஆகவே மாலைக்கு 10 ரூபாய் நோட்டே பாதுகாப்பானது.

பதில் (ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்):
சிறை இல்லை என்பதால் இழப்பே இல்லை என்று எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டின் நோட்டு மாற்று விதிகளின்படி, வேண்டுமென்றே வெட்டியதாகவோ கிழித்ததாகவோ தெரியும் நோட்டுக்குப் பணம் மறுக்கப்படலாம். அரசியல் முழக்கம் எழுதிய நோட்டு செல்லாததாகிவிடும். சாதாரணக் கிறுக்கல் இருந்தால் நோட்டு செல்லும். தானாகக் கிழிந்த 10 ரூபாய் நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும்.

நாங்களே ஒரு காலத்தில் கட்டுக்கட்டாகப் பின் அடித்துக்கொண்டிருந்தவர்கள்தாம். 2001இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்ட பிறகே அது நின்றது. அந்த ஆணை வங்கிகளுக்கானது. மாலை கட்டவும் பந்தலை அலங்கரிக்கவும் நோட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பொதுமக்களிடம் ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டிருப்பது வேண்டுகோள் மட்டுமே. நூலால் சுருக்கிட்டுக் கட்டினால் மறுநாள் பிரித்து அப்படியே வங்கியில் செலுத்தலாம்.

பதில் (யாழ்ப்பாண வாசகர்):
இலங்கையில் நிலைமை வேறு. நாணயத்தாளை வேண்டுமென்றே சிதைப்பதை 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டமே குற்றமாக்கியிருந்தது. இங்கிருந்து உறவினர்கள் வந்தால், எங்கள் தாள்களை மாலையில் சேர்த்து ஊசி குத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நூலால் கட்டத் தாய்மாமா ஒப்புக்கொண்டுவிட்டார். பெரியப்பா மட்டும், ஒரு ரூபாய் நோட்டைப் பற்றிய வரியை எல்லோருக்கும் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, தாம் சொன்னதே சரி என்கிறார்.